குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லையா? கொங்குப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ஈரோட்டுப் பக்கம் பேச்சுப் பயிற்சியாளராக வேலை பார்க்கிறேன். தறி ஓட்டுபவர், பனியன் கம்பெனி டெய்லர், தோட்டத்துச் சாளையிலிருந்து ரெண்டு பஸ் மாறி வரும் அமுச்சி (அம்மாவின் அம்மா) என்று பலரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முதல் நாள் கேட்கும் கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏனுங்க, எத்தனை வயசுக்குள்ள பேசணும்?

ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள் "பபபா", "மமமா" என்று மழலை அடுக்க வேண்டும். ஒரு வயதையொட்டி முதல் சொல் வரும். ரெண்டு வயதில் ரெண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும்: "அம்மா வா", "பால் வேணும்". அந்த வயதில் பல குழந்தைகளிடம் 50 சொல்லாவது இருக்கும். மூன்று வயதில் சின்னச் சின்ன வாக்கியம். நான்கு வயதில் வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்கும் பேச்சு பெரும்பாலும் புரிய வேண்டும்.

இந்தக் கணக்கை எல்லோரும் சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: பேச்சுக்கு முந்தி வரும் விஷயங்கள். குழந்தை விரல் நீட்டிக் காட்டுகிறதா? வேண்டும் என்பதற்காகக் காட்டுவது ஒன்று. ஆகாயத்தில் போகும் விமானத்தைக் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. ரெண்டாவது இருந்தால் எனக்குப் பாதி நிம்மதி. பேச்சு என்பதே "நான் பார்த்ததை நீயும் பாரு" என்று சொல்வதுதானே.

இன்னொன்று, சொல்லை எண்ணும்போது கஞ்சத்தனம் வேண்டாம். ஆட்டைப் பார்க்கும்போதெல்லாம் "மே" என்றால் அது ஒரு சொல். தண்ணீரை எப்போதும் "ங்கா" என்றால் அதுவும் சொல்தான்.

உடனே கூட்டிட்டு வர வேண்டியது எப்போ?

ஒரு வயதில் மழலையும் இல்லை, கையசைப்பும் இல்லை என்றால். 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை என்றால். ரெண்டு வயதில் தானாக ரெண்டு சொல் சேர்க்கவில்லை என்றால். அப்புறம், எந்த வயதானாலும் சரி, வந்த பேச்சு போய்விட்டது என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். "பத்துச் சொல் சொல்லிட்டு இருந்தான், நோம்பி முடிஞ்சு வந்ததிலிருந்து ஒண்ணுமே சொல்றதில்லைங்க" என்பது கண் பட்டது என்று சுற்றிப் போட்டுவிட்டு விடக்கூடிய விஷயம் கிடையாது.

அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான். அதுமாதிரி இவனும் பேசிடுவான்னு அப்பத்தா சொல்றாங்க.

அப்பத்தா சொல்வதில் பாதி உண்மை. தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் ரெண்டு வயதில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையைக் காட்டி, இவன் எட்டிப் பிடிப்பான், இவள் பின்தங்குவாள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்பனுக்குத் தாமதம் என்றால் அது ஆறுதலுக்கான காரணமாகாது. குடும்பத்தில் இருந்தால் குழந்தைக்கும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், சீக்கிரம் வந்து பார்க்கத்தான் அது காரணம். அந்த அப்பனையே தனியாகக் கேட்டால், அஞ்சாம் வகுப்பில் வாசிக்கத் திணறியதைச் சொல்வார்.

"ஆம்பளப் பையன் லேட்டாத்தான் பேசுவான்" என்பதும் அப்படித்தான். சராசரியாக ஆண் குழந்தைகள் கொஞ்சம் பின்னால் வருவார்கள், ஆனால் அது மாதக் கணக்கு. வருடக் கணக்கு இல்லை. குமரகுருபரர் ஐந்து வயதில்தான் திருச்செந்தூரில் வாய் திறந்தார் என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். "முருகனைக் கும்பிடுங்க, கூடவே காது டெஸ்டும் எடுத்துருங்க" என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

பேச்சுக்கு வந்தா காது டெஸ்ட் எடுக்கச் சொல்றீங்க. கூப்பிட்டா திரும்புறானே?

இந்தப் பக்கத்தில் எதை விட்டாலும் இந்த ஒரு பதிலை விட்டுவிடாதீர்கள்.

ஓர் அம்மா என் முன்னாலேயே எவர்சில்வர் தட்டை மேசையில் தட்டினார். குழந்தை திரும்பியது. "பாத்தீங்களா, கேக்குது." அடுத்து நான் குழந்தையின் பின்னால் போய் "ஸ்ஸ்" என்று மெதுவாகச் சத்தம் கொடுத்தேன். அது பொம்மையை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. தட்டுச் சத்தம், டிராக்டர், கோயில் மேளம் இதெல்லாம் ஓங்கிய ஒலி. ச, ஸ போன்றவை சன்னமான, கீச்சென்ற ஒலி. முதலாவது கேட்டு ரெண்டாவது கேட்காத காது உண்டு. அந்தக் குழந்தைக்குப் பேச்சு ஓட்டை ஓட்டையாகக் கேட்கும். கதவு சாத்துவதற்குத் திரும்புவதும் சில நேரம் சத்தத்துக்காக இருக்காது. தரை அதிர்வதையும் நிழல் அசைவதையும் வைத்துத் திரும்பும். நாம் ஏமாந்துவிடுவோம்.

டெஸ்ட் ரெண்டு வகை. ஓ.ஏ.இ. என்பது காதில் சின்ன முனையை வைத்து, உட்காது சத்தத்துக்குப் பதில் கொடுக்கிறதா என்று பார்ப்பது. சில நிமிடத்தில் முடியும். பெரா என்பது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டி, நரம்பு வரை சத்தம் போகிறதா என்று பார்ப்பது. அதற்குக் குழந்தை தூங்க வேண்டும். அதனால் வழியில் தூங்க விடாமல் கூட்டி வந்து, இங்கே பால் கொடுத்துத் தூங்க வையுங்கள். பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டு இங்கே வந்து கொட்டக் கொட்ட விழித்திருக்கும் குழந்தைகளால் எனக்கு எத்தனையோ காலை வீணாகியிருக்கிறது.

பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் காது கேட்கும் கருவியும் பயிற்சியும் தொடங்குவது என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு. பிறந்தபோது சரியாக இருந்த காதும் பிறகு குறையலாம். மூளைக்காய்ச்சல், தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, பிறந்தவுடன் ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை, பல நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று ஏதாவது இருந்திருந்தால் மறுபடி பாருங்கள். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கட்டிய வீட்டில் பரம்பரைக் காது கேளாமைக்கு வாய்ப்பு கூடும். யாரையும் குற்றம் சொல்ல இதைக் கேட்பதில்லை. மருத்துவர் கேட்டால் மறைக்காதீர்கள்.

சளி பிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக்கொள்ளும். வலியும் இருக்காது, சீழும் வராது, காதுக்குள் பஞ்சு வைத்தமாதிரி மட்டும் இருக்கும். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவது அந்தச் சிகிச்சை இல்லை.

காது சுத்தமாகவே கேட்காத குழந்தைக்குக் கருவியும் போதாதபோது காக்ளியர் இம்பிளான்ட் என்று உட்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைச் செய்கிறார்கள். ஆறு வயது வரை பொறுக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு வயதில் செய்ததும் அஞ்சரை வயதில் செய்ததும் பேச்சில் ஒன்றாக வராது.

தறிக்குடோனுக்குப் பக்கத்திலேயே வீடு. அந்தச் சத்தத்தால பேச்சு வராம போகுமா?

விசைத்தறிச் சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். நாள்பூரா அதிலேயே நிற்கும் பெரியவர்களுக்குக் காது மந்தமாவது தெரிந்த கதை. வீட்டுக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்த அளவு சத்தம் வராமல் இருக்கலாம். அங்கே சிக்கல் வேறு. தறி ஓடும்போது நாம் பேசுவதையே விட்டுவிடுகிறோம். கையைக் காட்டுகிறோம், அல்லது கத்துகிறோம். கத்தும்போது வாக்கியம் சுருங்கி "வா", "வேண்டாம்", "போ" என்று மட்டும் நிற்கிறது.

சோமனூரிலிருந்து வந்த ஒரு தம்பதியிடம், தொட்டிலைத் தறிக்கு அந்தப்பக்கச் சுவரிலிருந்து நகர்த்தி, கரண்ட் கட் ஆகும் நேரத்தையும் பொழுதோட தறி நின்ற பிறகு ஒரு மணி நேரத்தையும் குழந்தைக்கென்று வையுங்கள் என்றேன். "கரண்ட் போனா இத்தன நாளு திட்டிட்டு இருந்தோம்" என்றார்கள்.

பேச்சு, மொழி ரெண்டும் ஒண்ணுதானுங்களே?

இல்லை. மூன்று குழந்தைகளைப் பாருங்கள். மூவருக்கும் நான்கு வயது.

முதல் பெண் "அப்புச்சி வீட்டுத்துப் போயி தோயி பாத்தேன்" என்கிறாள். அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வீட்டுக்குப் போய்க் கோழி பார்த்தாளாம். வீட்டுக்கு, கோழி என்று க வரும் இடமெல்லாம் அவள் வாயில் த ஆகிவிடுகிறது. காக்காயையும் தாத்தா என்கிறாள். அந்த வீட்டில் தாத்தாவை அப்பாரு என்பதால் யாருக்கும் வருத்தமில்லை. இவளுக்கு மொழி நன்றாக இருக்கிறது, உச்சரிப்பில்தான் சிக்கல். இது பேச்சுக் குறை.

ரெண்டாவது பையன் ஒவ்வொரு எழுத்தையும் மணிமணியாகச் சொல்கிறான். ஆனால் "அப்புச்சி... வீடு... கோழி" என்று நிறுத்திக்கொள்கிறான். "மேசைக்குக் கீழ இருக்கிற செருப்ப எடுத்துட்டு வா" என்றால் மேசையைத் தொடுகிறான். இது மொழிக் குறை.

மூன்றாமவனிடம் "உன் பேரென்ன கண்ணு?" என்றால் "உன் பேரென்ன கண்ணு?" என்கிறான். டிவி விளம்பரத்தை முழுசாகச் சொல்வான், தண்ணீர் வேண்டும் என்று கேட்க மாட்டான். சொற்கள் இருக்கின்றன, அவற்றை வைத்து இன்னொருவரோடு பேசுவதுதான் வரவில்லை.

மூவருக்கும் பயிற்சி வேறு. ஆனால் வீட்டில் மூவரைப் பற்றியும் "பேச்சு சரியா வரல" என்றுதான் சொல்வார்கள்.

ழ, ர எல்லாம் சரியா வரலையே?

ரகரமும் ழகரமும் கடைசியில் வருபவை. மூன்று வயதில் "லயில்" என்றால் விட்டுவிடுங்கள். ழகரம் பெரியவர்களுக்கே எத்தனை பேருக்கு வருகிறது? ஆனால் மேலே சொன்னமாதிரி க எல்லாம் த ஆவது நான்கு வயதுக்கு மேலும் நீடித்தால் வந்து காட்டுங்கள். குழந்தையை உட்கார வைத்து அந்த எழுத்துகளைக் க, கா, கி, கீ என்று மனப்பாடம் பண்ண வைப்பதால் உச்சரிப்பு திருந்தாது.

நாக்குல வசம்பு தடவினா பேச்சு வருமாமே? நாக்கு அடியில வெட்டச் சொல்றாங்களே?

வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பேர், தெரியும். ஆனாலும் வேண்டாம். அதில் பீட்டா அசரோன் என்ற கெடுதலான பொருள் ஒன்று இருக்கிறது. அதனால்தான் அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுத்து, வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரிக்கு ஓடுவது நடக்கிறது. ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம். அரிதாக என்றாலும் அதிலிருந்து உயிருக்கு ஆபத்தான நச்சுத் தொற்று வரலாம்.

நாக்கு ஒட்டியிருந்தால் பால் குடிக்கச் சிரமம் வரலாம், சில எழுத்துகள் தடுமாறலாம். பேச்சே வராமல் போவதற்கு அது காரணமாகாது. பேச்சு மூளையில் தொடங்குகிறது, நாக்கு அதன் கடைசி ஆள். வெட்டிவிட்டு வந்து ஆறு மாதம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போனது அந்த ஆறு மாதம்தான்.

செல்போன்தான் காரணமா?

தனியாக அது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. காது கேட்காத குழந்தையைக்கூட "போன் பாத்துக் கெட்டுட்டான்" என்று சொல்லி ஒரு வருடம் வைத்திருந்த வீடு உண்டு. ஆனால் போன் பேசும்போது குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை, போனும் காத்திருப்பதில்லை. அந்த நேரமெல்லாம் மனிதரோடு பேசும் நேரத்திலிருந்து கழிகிறது. ரெண்டு வயது வரை வேண்டவே வேண்டாம், ரெண்டிலிருந்து ஐந்து வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் சொன்னது. சோறு ஊட்டும்போது போனை எடுத்தாலே வீட்டில் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

வீட்டுல தெலுங்கு, தெருவுல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ். குழம்பிப் போயிட்டானா?

குழம்ப மாட்டான். கொங்கு நாட்டில் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசித் தமிழில் வியாபாரம் செய்யும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. பொள்ளாச்சி, கோவைப் பக்கம் மலையாளம் சேரும். திருப்பூரில் இப்போது இந்தியும் ஒடியாவும் பேசும் வீடுகள் எத்தனையோ. ரெண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. சொல்லை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள்: தெலுங்கில் 20, தமிழில் 30 என்றால் 50.

"இனி வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று ஒரு பள்ளியில் சொல்லியனுப்ப, அம்மாவுக்கு அதில் வந்தது "கம் ஹியர், சிட், ஈட்" மட்டும். நாள்பூரா கதை பேசிக்கொண்டிருந்த அம்மா மூன்று சொல்லுக்குச் சுருங்கிவிட்டார். உங்களுக்கு எந்த மொழியில் கோபமும் கொஞ்சலும் வருமோ அந்த மொழியில் பேசுங்கள்.

திடீர்னு திக்குறான். பயந்துட்டானா?

பயத்தால் திக்குவாய் வராது. பெரும்பாலும் ரெண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்கும். நான்கில் மூன்று குழந்தைகளுக்குத் தானாகவே போய்விடும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும், சொல் வராமல் கண்ணை இறுக்கி முகம் சுளித்தாலும் காத்திருக்க வேண்டாம். "மெதுவாப் பேசு", "மறுபடி சொல்லு" இரண்டையும் நிறுத்துங்கள். அவனை மெதுவாகப் பேசச் சொல்வதற்குப் பதிலாக நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். அவன் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள்.

ஆட்டிசமா இருக்குமோ?

கேட்கவே பயமாக இருக்கும், அதனால் கடைசியில் எழுந்து போகும்போது கேட்பார்கள். பேச்சு இல்லாததால் மட்டும் ஆட்டிசம் என்று ஆகிவிடாது. பேர் சொன்னால் திரும்புவதில்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை, உங்கள் கையைப் பிடித்துக் கருவி மாதிரி பிரிட்ஜ் கதவில் வைக்கிறது, கார் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றெல்லாம் சேர்ந்து வந்தால் வளர்ச்சி மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேர் என்னவாக இருந்தாலும் பயிற்சியை அன்றே தொடங்கலாம்.

ஸ்கூல் போனா சரியாயிடுமா?

சில குழந்தைகள் பேசுவார்கள், ஓடுவார்கள், விளையாடுவார்கள். "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்றால் மட்டும் "அது... அவன்... இப்டி..." என்று நிற்பார்கள். ஏழு வயதிலும் நடந்ததை வரிசையாகச் சொல்ல வராது, கணக்கு தெரியும், கணக்கில் எழுதியிருக்கும் வாக்கியம் புரியாது. வளர்ச்சிநிலை மொழிக் குறைபாடு என்று இதற்குப் பேர். இங்கிலாந்தில் கணக்கெடுத்தபோது 100-க்கு ஏழு குழந்தைகளிடம் காணப்பட்டது. 30 பேர் வகுப்பில் ரெண்டு பேர். காது நன்றாக இருக்கும், அறிவும் இருக்கும். அதனால் "சோம்பேறி", "கவனிக்கிறதில்லை" என்ற பேர்தான் கிடைக்கும். பள்ளிக்குப் போனதால் இவர்களுக்குச் சரியாவதில்லை. பள்ளிக்குப் போனதால் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

வீட்டுல நாங்க என்ன பண்ணட்டும்?

"இது என்ன? சொல்லு. அது என்ன? சொல்லு" என்று வாத்தியார் ஆவதை முதலில் நிறுத்துங்கள். அரிசியும் பருப்பும் சோறு செய்யும்போது குழந்தையைச் சமையல் மேடைக்குப் பக்கத்தில் அடுப்புக்கு எட்டாமல் உட்கார வையுங்கள். "பருப்பு போடலாம். இன்னும் போடலாம். தண்ணி ஊத்தலாமா?" என்று கேட்டுவிட்டுச் சொம்பைத் தூக்கிப் பிடித்தபடி நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு இது பெரிய கஷ்டம், மூன்றுக்குள் நாமே பதில் சொல்லிவிடுவோம். குழந்தை பார்க்கும், கையை நீட்டும், "ஊ" என்னும். அந்த "ஊ"வுக்கு "ஊத்து! ஊத்தலாம்" என்று ஊற்றுங்கள். நாளைக்கு "ஊத்து" வரும். "கோழி" என்றால் "ஆமா, கோழி ஓடுது" என்று ஒரு சொல் கூட்டிக் கொடுங்கள். தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்லாமல் சரியான சொல்லை நீங்கள் ஒரு தடவை சொல்லிவிட்டு மேலே போங்கள்.

எங்கே போறது? செலவு?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையம் எங்கே என்று கேளுங்கள். காது சோதனையும் பேச்சுப் பயிற்சியும் அங்கே இலவசம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் சொன்னால் அவர்களே அங்கே அனுப்புவார்கள். பள்ளிப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார். காது கேளாமை, ஆட்டிசம், கற்றல் குறைபாடு மூன்றும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லப்பட்ட 21 வகைக் குறைபாடுகளுக்குள் வருபவை. சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு உதவும்.

தனியாரிடம் போனால், பயிற்சியாளர் கேட்பியல், பேச்சுப் பயிற்சியில் நான்கு வருடப் பட்டம் படித்தவரா, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவெண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். கோபித்தால் வேறு இடம் பாருங்கள். "மூணு மாசத்துல பேச வைக்கிறோம்" என்ற போர்டைப் பார்த்தாலும் அப்படியே.

சிக்கலான கேஸ் என்றால் மைசூரில் 1965 முதல் இருக்கும் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்துக்கு அனுப்புவோம். சத்தியமங்கலம் வழியாகப் போனால் திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. குழந்தைக்கு வாந்தி வரும், மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தன மாசம் ஆகும்?

தெளிவான உச்சரிப்புச் சிக்கல் என்றால் மாதக் கணக்கு. மொழிக் குறை என்றால் வருடக் கணக்கு. வாரத்தில் முக்கால் மணி நேரம் நான், மீதி நேரம் நீங்கள்.

முதல் நாள் என்ன எடுத்துட்டு வரணும்?

பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாள், தடுப்பூசி அட்டை, பழைய காது டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தால் அது. வீட்டில் குழந்தை விளையாடும்போது தெரியாமல் எடுத்த ரெண்டு நிமிட வீடியோ ஒன்று. இங்கே வந்தால் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை. ஒரு தாளில் அது சொல்லும் சொற்களை எழுதி வாருங்கள், "மே"வையும் "ங்கா"வையும் விடாமல். பகலெல்லாம் யார் கூட இருக்கிறார்களோ அவரையும் கூட்டி வாருங்கள். அப்பாவும் அம்மாவும் கம்பெனிக்குப் போய்விடும் வீட்டில், அந்தத் தாளில் இல்லாத நாலு சொல் அமுச்சிக்குத் தெரிந்திருக்கும்.